ஐங்கோணிக்குப் போட்ட பூச்சியம்: தெசலாக்கத்தைக் கணிதமும் சித்திரமுமாகக் கற்பித்தல்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், தரம் 8 மாணவன் ஒருவனின் விடைத்தாளில் நான் பிழையாக ஒரு பூச்சியம் போட்டேன். தவணைப் பரீட்சைக்கு நானே தயாரித்த கேள்வி அது. “ஐங்கோணியைக் கொண்டு தெசலாக்கம் செய்யலாமா? காரணம் தருக.” நான் எதிர்பார்த்த விடை “முடியாது” என்பது. அந்தப் பொடியன் “ஓம்” என்று எழுதி, காரணம் எழுதவேண்டிய இடத்தில் சிறுபிள்ளைகள் கீறும் வீடுகளைப் போலச் சில வடிவங்களைப் பென்சிலால் கீறியிருந்தான். கணிதத்தில் இருபது புள்ளிகளைத் தாண்டாத, கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை. விடை தெரியாமல் கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்துச் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு சித்திர ஆசிரியையின் அறைச் சுவரில் அதே வீடுகளைக் கண்டேன். பிறிஸ்ரல் போட் ஒன்று முழுவதும் நிமிர்ந்த வீடுகள் ஒரு வரிசை, தலைகீழான வீடுகள் அடுத்த வரிசை என்று நிறந்தீட்டப்பட்டு, ஓர் ஊசி நுழைய இடைவெளி இல்லாமல் நிரம்பியிருந்தன. வீட்டுக்கு ஐந்து பக்கம். அது ஓர் ஐங்கோணி. விடை சரி, கேள்விதான் பிழை. கேள்வியில் “ஒழுங்கான” என்ற ஒரு சொல்லை நான் விட்டிருந்தேன். அதைவிடப் பெரிய பிழை, வகுப்பிலும் அந்தச் சொல் இல்லாமலேயே “ஐங்கோணியால் முடியாது” என்று கரும்பலகையில் எழிதிப் போட்டது.

இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிக்கலாம் என்பது பற்றி நான் சேர்த்துவைத்திருப்பவை எல்லாம் அந்தப் பூச்சியத்துக்குப் பிறகு சேர்ந்தவை.

தெசலாக்கம் என்றால் என்ன?

ஒரு தளத்தை, இடைவெளியும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று படியாமலும், குறித்த வடிவங்களால் மூடுவது தெசலாக்கம். சிறிய சதுரக் கல்லைக் குறிக்கும் ‘தெசெல்லா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். உரோமர்கள் இவ்வாறான கற்களைப் பதித்துத் தரைகளை அலங்கரித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உரோமாபுரி தேவையில்லை. வீட்டுத் தரையில் ரைல்ஸ் பதிக்கும் மேசன் செய்வது இதுதான். நடைபாதையில் பதிக்கும் பூட்டுக்கல், தேன்வதை, பனையோலைப் பாயின் கட்டங்கள், கரையில் காயும் வலை எல்லாம் இதுதான்.

எங்கள் பாடநூல்களில் இது இடைநிலைத் தரங்களில் வருகிறது. ஒரே வடிவத்தால் செய்வது, ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களால் செய்வது, ஒழுங்கான பல்கோணிகளால் செய்வது என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும். பரீட்சைக்குப் பெரிதாக வராது என்ற எண்ணத்தில் ஒரு பாடவேளையில் படத்தைக் காட்டி, “இதைப் போல வரைந்து நிறந்தீட்டிக்கொண்டு வாருங்கள்” என்று வீட்டுவேலை கொடுத்துக் கடந்துபோவது வழக்கம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் கடந்துபோனேன்.

இதற்குள் இருக்கும் கணிதம் ஒரு வரியில் அடங்கும். தளத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி உச்சிகள் கூடும்போது அந்தக் கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகையாக இருக்கவேண்டும். சமபக்க முக்கோணியின் அகக் கோணம் 60 பாகை, ஆறு கூடினால் 360. சதுரம் 90, நான்கு போதும். ஒழுங்கான அறுகோணி 120, மூன்று போதும். ஒழுங்கான ஐங்கோணி 108. மூன்றை வைத்தால் 324, இன்னும் 36 பாகை வெளியாக நிற்கும். நான்காவதை வைத்தால் 432, ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏழு பக்கங்களும் அதற்கு மேலும் உள்ள ஒழுங்கான பல்கோணிகளில் ஒவ்வொரு கோணமும் 120ஐத் தாண்டிவிடுவதால் ஒரு புள்ளியில் மூன்று கூட இடமில்லை. ஆகவே ஒரே வகை ஒழுங்கான பல்கோணியால், உச்சியோடு உச்சி பொருந்தும்படி செய்யக்கூடியவை மூன்று மாத்திரமே. பல வகை ஒழுங்கான பல்கோணிகளைக் கலந்து, எல்லா உச்சிகளும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்தால் மேலும் எட்டு கிடைக்கும். வானியலாளர் கெப்ளர் 1619இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஆராய்ந்திருக்கிறார். எண்கோணிகளுக்கு இடையில் சிறிய சதுரங்கள் வைத்த தரையை நாங்கள் எல்லோரும் கண்டிருப்போம். 135, 135, 90.

இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சொல்லிக்கொடுத்தது மறந்துபோக அதைவிடக் குறைந்த நேரம் போதும்.

கிழித்துப் பார்த்தல்

இப்போது நான் கோணத்தின் பெயரையே சொல்லாமல் தொடங்குகிறேன். ஆளுக்கு ஒரு பழைய தாள். விரும்பியபடி ஒரு முக்கோணியைக் கீறி வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, கூர்களை ஒரு புள்ளியில் சேர்த்து வைக்கச் சொல்வேன். எவருடைய முக்கோணியாக இருந்தாலும் மூலைகள் ஒரு நேர்கோட்டில் வந்து நிற்கும். பிறகு நாற்பக்கல். நான்கு மூலைகளும் சேர்ந்து புள்ளியைச் சுற்றி முழுவதும் மூடிவிடும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது வேறு வேறு நாற்பக்கல்கள், எல்லாம் மூடும். இந்த இடத்தில் எவராவது ஒருவர் “அப்ப எந்த நாற்பக்கலாலும் நிரப்பலாமோ, ரீச்சர்?” என்று கேட்பார். கேட்கும்வரை நான் காத்திருப்பேன். ஒரு வருடம் மட்டும் எவரும் கேட்கவில்லை, நானே கேட்கவேண்டி வந்தது.

நிரப்பலாம். எந்த நாற்பக்கலாலும் நிரப்பலாம், ஒரு மூலை உள்ளே குழிந்த அம்புத்தலை வடிவமாக இருந்தாலும்கூட. தாளை எட்டாக மடித்து ஒரே வெட்டில் எட்டுத் துண்டுகள் எடுக்கவேண்டும். ஒவ்வொரு துண்டின் மூலைகளிலும் அ, ஆ, இ, ஈ என்று ஒரே ஒழுங்கில் எழுதவேண்டும். ஒரு துண்டை வைத்து, அதன் பக்கம் ஒன்றின் நடுப்புள்ளியைப் பற்றி அரைச் சுற்றுச் சுழற்றினால் அடுத்த துண்டு வரவேண்டிய இடம் தெரியும். சரியாக வைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் அ, ஆ, இ, ஈ நான்கும் ஒருமுறை வந்திருக்கும். அதே எழுத்து இரண்டு முறை வந்தால் எங்கேயோ பிழை. ஆசிரியரைக் கூப்பிடாமலே பிள்ளை தன் பிழையைத் தானே பிடிக்கலாம். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு இது சிறிய விடயம் அல்ல. அவர்களுடைய கொப்பிகளில் பிழையைக் கண்டுபிடிப்பது எப்போதும் வேறொருவருடைய சிவப்புப் பேனைதான்.

இதில் பிள்ளைகள் வழக்கமாகத் தடக்கும் இடம் ஒன்று உண்டு. மடித்து வெட்டும்போது பாதித் துண்டுகள் முகம் மாறி வந்துவிடும். அவற்றைக் கவனியாமல் வைத்தால் எதுவும் பொருந்தாது, பிள்ளை சலித்துப் போய்விடும். ஆகவே எழுத்துகளை எழுதும் முன், எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கமாகத் திருப்பி, மேற்பக்கத்தில் நிறம் தடவச் சொல்லவேண்டும். சுழற்சிக்கும் தெறிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியாது.

“திருப்பிப் போடலாமோ?” என்ற அந்தக் கேள்வி அண்மையில் உலகம் முழுவதும் கேட்கப்பட்டது. ஒரே ஒரு வடிவத்தால் தளத்தை நிரப்பவும் வேண்டும், ஆனால் அந்த மாதிரி ஒருபோதும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரவும் கூடாது. அப்படி ஒரு வடிவம் உண்டா என்று கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2022இல் அதைக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற அச்சகத் தொழில்நுட்பவியலாளர். கணினியில் வடிவங்களோடு விளையாடி, பிறகு அட்டையில் வெட்டி மேசையில் அடுக்கிப் பார்த்தார். 13 பக்கங்கள் கொண்ட அந்த வடிவத்துக்குத் ‘தொப்பி’ என்று பெயர். மூன்று ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2023 மார்ச்சில் நிறுவலை வெளியிட்டார்கள். அதில் சில துண்டுகளை முகம் மாற்றித் திருப்பி வைக்கவேண்டியிருந்தது. அப்படியானால் அது ஒரே வடிவமா, இரண்டா என்று சிலர் கேட்டார்கள். இரண்டு மாதங்களுக்குள் அதே நால்வரும் திருப்பாமலே நிரப்பக்கூடிய இன்னொரு வடிவத்தையும் கொடுத்தார்கள். இதை வகுப்பில் சொன்னபோது, முதல் நாள் துண்டைத் திருப்பிப் போட்டு என்னிடம் பேச்சு வாங்கிய பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வலை

கரையோரப் பாடசாலைக்கு இயற்கை தந்த ஓர் உபகரணம் வலை. வலைக்கண் ஒவ்வொன்றும் சாய்சதுரம். ஒரு முழ நீளத் துண்டு வலையை இரண்டு பிள்ளைகள் பிடித்து மெல்ல இழுக்க, வலைக்கண் ஒடுங்கும், விட்டால் அகலும். ஒரு முடிச்சைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவேண்டும். கூர்ங்கோணம் 40 பாகையாக ஒடுங்கினால் பக்கத்துக் கோணம் 140 ஆகிவிடும். 40, 140, 40, 140. கூட்டினால் 360. எவ்வளவு இழுத்தாலும் முடிச்சைச் சுற்றிய தொகை மாறாது. பாகைமானியைக் கையில் எடுக்கப் பயப்படும் பிள்ளைகள், வலையை வாங்கில் ஆணியால் இறுக்கிவிட்டுத் தாங்களாகவே அளந்தார்கள். வீடு கீறிய பொடியன் வலை பொத்துகிற வீட்டுப் பிள்ளை. அறுந்த கண்ணை எத்தனை முடிச்சால் மூடலாம் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. அது கணிதப் பாடவேளையில் ஒருநாளும் கேட்கப்பட்டதில்லை.

அவனிடம் பிறகு கேட்டேன். “நீர் கீறினது சரியெண்டு ஏன் என்னட்டை வந்து சொல்லேல்லை?”

“நீங்கள் பிழை எண்டு போட்டிருந்தீங்கள், ரீச்சர்.”

ஐங்கோணியின் கதை

இனி அந்த வீட்டுக்கு வருவோம். சதுரத்தின் மேல் சமபக்க முக்கோணியை வைத்தால் அதன் கோணங்கள் 90, 90, 150, 60, 150. கூட்டினால் 540, ஐங்கோணிக்குச் சரி. வீடுகளை வரிசையாக நிறுத்தினால் கூரைகளுக்கு இடையில் வரும் பள்ளத்தில் தலைகீழான வீட்டின் கூரை பொருந்தும். கூரை முனையில் 60, அதன் இருபுறமும் தலைகீழ் வீடுகளின் 150, 150. அடித்தளத்தில் நான்கு 90. எல்லாம் 360.

நான் விட்ட பிழையை என்னைவிடப் பெரியவர்களும் விட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது ஆறுதலாக இருந்தது என்று சொல்வது நேர்மையாக இருக்கும். வெளிநோக்கிக் குவிந்த ஐங்கோணிகளில் எவை தளத்தை நிரப்பும் என்ற கேள்விக்கு, ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் றைன்ஹார்ட் 1918இல் ஐந்து வகைகளைத் தந்தார். 1968இல் அமெரிக்காவின் கேர்ஷ்னர் மேலும் மூன்றைச் சேர்த்து, இத்துடன் பட்டியல் முடிந்தது என்றார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் தன் பத்தியில் இதைப் பற்றி எழுதினார். வாசகர் ஒருவர் ஒன்பதாவது வகையை அனுப்பிவைத்தார். அந்தச் செய்தியைக் கலிபோர்னியாவில் மார்ஜரி றைஸ் என்ற இல்லத்தரசி படித்தார். உயர்நிலைப் பாடசாலைக்கு மேல் கணிதம் படிக்காதவர். தன் மகனுக்காக எடுப்பித்த சஞ்சிகை அது. வீட்டு வேலைகளுக்கு இடையில், தனக்கென ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி, 1977க்குள் நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். அவற்றைச் சரிபார்த்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டொறிஸ் ஷற்ஸ்நைடர் என்ற கணிதவியலாளர். 1985இல் பதினான்காவதும், 2015இல் கணினியின் உதவியுடன் பதினைந்தாவதும் கிடைத்தன. வேறு இல்லை என்பதை மிக்கேல் ராவோ 2017இல் நிறுவினார். றைஸ் கண்ட மாதிரி ஒன்று அமெரிக்கக் கணிதக் கழகத்தின் வாஷிங்டன் கட்டடத்தில் தரையோடாகப் பதிக்கப்பட்டது.

சித்திர ஆசிரியை சொன்னது

கணிதத்தையும் சித்திரத்தையும் இணைத்துக் கற்பிப்பது என்றால், கணித ஆசிரியர்கள் பெரும்பாலும் முடித்த கணக்குக்கு நிறந்தீட்டுவதைத்தான் நினைக்கிறோம். எங்கள் சித்திர ஆசிரியை இதற்கு உடன்படவில்லை. “உங்கட பாடத்துக்குப் பூச்சுப் பூச என்னைக் கூப்பிடாதேங்கோ” என்றார். அவருக்கு முக்கியம் வேறொன்று. சாதாரணமாக ஒரு படத்தில் உருவம் இருக்கும், பின்னணி இருக்கும். தெசலாக்கத்தில் பின்னணி என்று ஒன்றே இல்லை. ஒரு மீனின் விளிம்பைக் கீறும்போதே அடுத்த மீனின் விளிம்பையும் கீறிவிடுகிறோம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய பாடம்.

நாங்கள் இருவரும் இரண்டு பாடவேளைகளை ஒன்றாக்கிச் செய்த வேலை இது. பிஸ்கட் பெட்டி அட்டையில் 6 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று. இடப்பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை விரும்பிய வளைகோடு ஒன்றைக் கீறி வெட்டவேண்டும். வெட்டிய துண்டைச் சுழற்றாமல், திருப்பாமல், நேரே வலப்பக்கத்துக்கு நகர்த்தி செலோரேப்பால் ஒட்டவேண்டும். மேற்பக்கத்திலும் அவ்வாறே வெட்டிக் கீழே ஒட்டவேண்டும். வளைகோடு மூலைகளில் முடியாவிட்டாலும், ஒட்டும்போது துண்டு சற்று ஏறி இறங்கினாலும் பின்னர் பொருந்தாது. ஒட்டியபின் நான் ஒரு கேள்வி கேட்பேன். பரப்பளவு எவ்வளவு? வடிவம் கோணல்மாணலாக இருப்பதால் பலர் “கூடியிருக்கும்” என்பார்கள். வெட்டியதை எறியவில்லையே என்று எவராவது சொல்லும்வரை விவாதம் நடக்கும். 36 சதுர சென்ரிமீற்றர்தான். சுற்றளவு மட்டும் கூடிவிட்டது. பரப்பளவும் சுற்றளவும் ஒன்றாகவே கூடிக் குறையும் என்ற நம்பிக்கை பெரியவர்களிடமும் உண்டு. காணி வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அதன்பின் அந்த அட்டையை நாலாபுறமும் திருப்பிப் பார்த்து, அது என்னவாகத் தெரிகிறது என்று கண்டுபிடிப்பது சித்திர ஆசிரியையின் நேரம். ஒருத்திக்கு முக்காடிட்ட கிழவி தெரிந்தது, இன்னொருவனுக்கு நண்டு. டிமை பேப்பரில் அட்டையை வைத்து விளிம்பைக் கீறி, நகர்த்தி, மீண்டும் கீறி நிரப்பினார்கள். நிறந்தீட்டும்போது கணிதம் திரும்பவும் வந்தது. அடுத்தடுத்தவை ஒரே நிறமாகாமல் இருக்க எத்தனை நிறம் வேண்டும்? சதுரக் கட்டங்களுக்கு இரண்டு போதும். அறுகோணிகளுக்கு மூன்று வேண்டும், ஏனென்றால் ஒரு புள்ளியில் மூன்று கூடி ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

இந்த முறையின் பின்னால் இருப்பவர் ஒல்லாந்து ஓவியர் எஷர் (1898–1972). ஸ்பெயினில் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்பிறா மாளிகையை 1922இலும் 1936இலும் பார்த்தார். இரண்டாவது முறை மனைவியுடன் இருந்து சுவரோடுகளின் கோலங்களைப் பிரதிசெய்தார். புவிச்சரிதவியல் பேராசிரியராக இருந்த அவருடைய தமையன் சில ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டிக்கொடுத்தார். அவற்றில் ஒன்று, தளத்தில் திரும்பத் திரும்ப வரும் கோலங்களை 17 சமச்சீர் வகைகளுக்குள் அடக்கலாம் என்று படங்களோடு காட்டும் போல்யாவின் 1924ஆம் ஆண்டுக் கட்டுரை. எஷருக்கு அதன் கணிதம் விளங்கவில்லை. படங்கள் விளங்கின. அவற்றைக் கீறிக் கீறியே தன் முறையை உருவாக்கிக்கொண்டார்.

உதைபந்தும் அதிபரும்

ஒருநாள் அதிபர் யன்னலால் எட்டிப் பார்த்து, “இது கணிதமோ, சித்திரமோ?” என்றார். சாதாரண தரப் பெறுபேறு பற்றி வலயத்தில் கேள்வி கேட்கப்படுவது அவரைத்தான். உயர்தரத்துக்குப் போகும் பாதையில் கணிதச் சித்தி ஒரு படலை, அதற்கு வெளியே நின்றுவிடும் பிள்ளைகள் எங்களைப் போன்ற பாடசாலைகளில் அதிகம். அவருடைய கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் அவரிடம் விளையாட்டறையில் கிடந்த பழைய உதைபந்தைக் கேட்டு வாங்கினேன். கறுப்பு ஐங்கோணிகள் 12, வெள்ளை அறுகோணிகள் 20. ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஐங்கோணியும் இரண்டு அறுகோணிகளும். எவ்வளவு என்று பிள்ளைகளைக் கேட்டேன். 108, 120, 120. கூட்டி 348 என்றார்கள். 12 பாகை குறைகிறது. குறைந்த 12 எங்கே போனது? வகுப்பு அமைதியானது. “அதாலைதான் வளையுது” என்று நடு வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள். 360 ஆக இருந்தால் தட்டையாகக் கிடக்கும், குறைந்தால் குவிந்து பந்தாகும். அதிபர் முழுப் பாடவேளையும் வாசலில் நின்றார். ஆனாலும் இரண்டு பாடவேளைகளுக்கு மேல் தரமாட்டேன் என்றார், தரவும் இல்லை.

நேரம் அவ்வளவுதான் என்றால் எதை விடலாம்? அரை ஒழுங்கான எட்டு வகைகளையும் மனனம் செய்விப்பதை விடலாம். மூலைகளைக் கிழிப்பதை விடக்கூடாது. நாற்பக்கலையும் விடக்கூடாது. அட்டை வெட்டும் வேலையைச் சித்திரப் பாடத்துக்குக் கொடுக்கலாம், அந்த ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசியிருந்தால்.

அந்தப் பொடியனின் விடைத்தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கி, பூச்சியத்தை வெட்டி, முழுப் புள்ளியும் போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைத்தேன். மொத்தப் புள்ளி இருபதைச் சற்றுத் தாண்டியது, வகுப்பு நிலையில் மாற்றமில்லை. சாதாரண தரத்தில் கணிதத்தில் ‘எஸ்’ எடுத்தான். கரும்பலகையில் இருந்த வசனத்தைத் திருத்துவதற்கு அடுத்த நாள் அவனையே கூப்பிட்டேன். வெண்கட்டியை வாங்கி, “ஐங்கோணி” என்பதற்கு முன்னால் இடம் போதாமல், மேலே ஒரு கூரைக்குறி போட்டு “ஒழுங்கான” என்று எழுதினான்.